காலண்டருக்குப் பின்னால் இருந்த தாள்

கோவில்பட்டி
4.11.2024, திங்கள்

தம்பி முத்துசெல்வத்துக்குக் கல்யாணசுந்தரி எழுதுவது.

நீ கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றை இன்று காலை உன் கப்பல் ஏஜென்ட் நவநீதகிருஷ்ணன் தூத்துக்குடியிலிருந்து என் கடைக்குக் கொண்டுவந்து காட்டினார். கப்பல் எந்தக் கடலுக்குப் போனாலும் போகச் சம்மதம், கேப்டன் இறக்கிவிடும்வரை வேலை பார்க்கச் சம்மதம் என்று அதில் இருக்கிறது. எழுத்து கம்ப்யூட்டர் எழுத்து. கையெழுத்து உன்னுடையது. அந்த 'மு'வை நீ சுழிக்கிற சுழியை நீ என்னிடம் வேலை பார்த்த நாலு வருஷமும் என் கடைச் சீட்டுகளில் பார்த்திருக்கிறேன். பொய்க் கையெழுத்து என்று சொல்ல எனக்கு வழியில்லை.

"ஒன்பது மாச ஒப்பந்தம் முடிஞ்சிட்டு, எறங்கணும்னு கப்பல்ல மல்லுக்கு நிக்கான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பான்னு சொன்னாவ" என்றார்.

"கப்பல் இனிமே எங்க போகுது அண்ணாச்சி?"

"செங்கடல் பக்கம் ஒரு நடை. அவ்வளவுதான்."

"அங்கன போற கப்பல் மேல குண்டு போடுதானுவன்னு டிவியில காட்டுதாவளே."

"எல்லாக் கப்பல் மேலயுமா போடுதான்?"

"உம்ம வீட்டு ஆள் யாரும் அந்தக் கப்பல்ல இருக்காவளா?" என்று கேட்டேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

போனில் கேட்டால் நீ "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். நீயும் அப்படியே அனுப்பு. எழுத்தில் இருந்தால் தேதி இருக்கும். யாரும் பிறகு மாற்றிப் பேச முடியாது. நான் கேட்பது ஒன்றே ஒன்று. நீ கையெழுத்துப் போட்டபோது அந்தத் தாளில் எழுத்து இருந்ததா, இல்லையா? இல்லாமல் போட்டிருந்தால் உன்னைப் போல மடையன் இந்தக் கரிசல் பூமியில் கிடையாது. வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடுவதும் அரிவாளை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டுக் கழுத்தைக் காட்டுவதும் ஒன்றுதான்.

இங்கே ஐப்பசி மழை மூன்று நாளாக விடவில்லை. உளுந்து விதைத்தவர்கள் சிரிக்கிறார்கள். சாக்கைக் காயவைக்க முடியாமல் நான் அழுகிறேன். உன் பெண்டாட்டி ஜெயப்பிரியா சனிக்கிழமை இடைசெவலிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தீபாவளிக்கு உனக்கு எடுத்த சட்டையை இன்னும் பிரிக்கவில்லையாம். செங்கடல் விஷயத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. உடனே பதில் எழுது.

இப்படிக்கு,
கல்யாணசுந்தரி
மிளகாய் வத்தல், பயறு மொத்த வியாபாரம்


குஜராத் கரைக்கு வெளியே, நங்கூரத்தில்
9.11.2024

அன்புள்ள அக்காவுக்கு முத்துசெல்வம் வணக்கத்துடன் எழுதுவது.

எழுத்து இல்லை அக்கா. வெள்ளையாகத்தான் இருந்தது.

ஜனவரி கடைசியில் நாங்கள் ஏழு பேர் ஒரே நாளில் இந்தக் கப்பலுக்குச் சேர்ந்தோம். முதல் நாள் ஏஜென்ட் ஆபீசில் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் நீட்டினார்கள். மறுநாள் அரசாங்க அலுவலகத்தில் சரியான ஒப்பந்தம். அங்கே ஒருவர் அதை இங்கிலீஷில் கடகடவென்று வாசித்தார். ஊருக்குப் போகிற கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டே நான் தலையாட்டினேன். ஒன்பது மாதம் என்பது மட்டும் காதில் விழுந்தது. என் நகலை, "பத்திரமா இருக்கட்டும் தம்பி" என்று ஏஜென்டே வாங்கி வைத்துக்கொண்டார்.

ஒன்பது மாதம் தீபாவளிக்கு நாலு நாள் முன்னாலேயே முடிந்துவிட்டது. ஆள் மாற்ற யாரும் வரவில்லை. சரக்கு ஏற்றி முடித்த பிறகுதான் செங்கடல் என்று சொன்னார்கள். கேப்டன் சென்னைக்காரர். மோசமான மனிதர் என்று சொல்ல மாட்டேன். பிறந்தநாள் வந்தால் கேக் வெட்டச் சொல்லுவார். ஆனால் நாங்கள் போய் நின்றபோது ஏஜென்ட் அனுப்பிய தாள்களை மேஜையில் பரப்பினார்.

"கையெழுத்து உன்னுதுதானே? அப்போ மேல எழுதியிருக்கறதும் உன்னுதுதான்" என்றார்.

சமையல் பார்க்கிற மிக்கேல்ராஜ் அண்ணன் குளத்தூர்க்காரர். உப்பளத்திலிருந்து வந்தவர். வெளியே வந்து அவர் சொன்னார்: "ஏலே, உப்பு அள்ளுதவன் தாளப் பாத்தா கையெழுத்துப் போடுதான்? வேலையத்தான பாக்கான். அதான் நம்ம எல்லாவனும் மாட்டுதோம்." இப்போதைக்கு நங்கூரம் தூக்க வரமாட்டோம் என்று சொல்லிவிட்டோம். கேப்டன் பத்து நாள் தவணை கொடுத்திருக்கிறார். அதற்குள் மனம் மாறாவிட்டால் எங்கள் கப்பல் புத்தகத்தில் 'நடத்தை சரியில்லை' என்று எழுதுவாராம். அப்படி எழுதினால் எந்தக் கப்பலிலும் ஏற முடியாது.

அக்கா, ஒன்று சொல்லுவேன், கோபப்படக் கூடாது. வெள்ளைத்தாளில் போட்டவன் மடையன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடையில் சேர்ந்த அன்றும் நான் வெள்ளைத்தாளில்தான் போட்டேன். "எல்லாரும் போடுதது தாம்ல, போடு" என்று கணக்குப்பிள்ளை சொன்னார். அப்புறம் நாலு வருஷம் மூட்டை எடை போட்டேன், லாரி அனுப்பினேன், ஒரு கேடும் வரவில்லை. அந்தப் பழக்கத்தில் ஏஜென்ட் நீட்டியதும் பேனா தானாகப் போய்விட்டது.

அந்தத் தாள் இன்னும் உங்கள் இரும்புப் பெட்டியில் இருக்கிறதா?

ஜெயப்பிரியாவிடம் சொல்லாமல் இருப்பதற்கு நன்றி. சட்டையைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் வந்து பிரிப்பேன்.

உங்கள் தம்பி,
முத்துசெல்வம்


கோவில்பட்டி
12.11.2024

முத்துசெல்வத்துக்கு,

உன் கடிதத்தின் கடைசிப் பகுதி எனக்குப் பிடிக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லுவேன்.

என் கடையும் அந்தக் கப்பலும் ஒன்றா? நான் யாரையாவது குண்டு விழுகிற இடத்துக்கு அனுப்பினேனா? விளாத்திகுளம் பஸ்ஸில் கண்டக்டரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு வத்தல் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் நான். இந்தக் கடைக்கு நான் வைத்த முதல் ஆள், வத்தல் விளைவிக்கிற ஒவ்வொரு சம்சாரியின் வீட்டையும் காட்டிக்கொடுத்து நான் தொழில் பழக்கிய ஆள், இரண்டாம் வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் எதிர்க்கடைக்குப் போனான். என்னிடம் வந்துகொண்டிருந்த வண்டிகளில் பாதி அவன் பின்னால் போய்விட்டன. அன்றைக்குத்தான் பெரிய வியாபாரி ஒருவர், "வெள்ளைத்தாள்ல ஒரு கையெழுத்து வாங்கி வச்சுக்கிடணும்மா, நாய்க்குச் சங்கிலி மாதிரி" என்று சொல்லிக்கொடுத்தார். வாங்கி வைத்தேன். பயமுறுத்தத்தான் அது. உன் தாளில் நான் ஒரு எழுத்தும் எழுதவில்லை. போதுமா?

இனி உன் காரியம். நேற்று வக்கீல் இவாஞ்சலினைப் பார்த்தேன். கப்பல் வழக்கு இந்த ஊர்க் கோர்ட்டுக்கு வருவதே இல்லை என்று சிரித்தாள். ஆனால் புத்தகத்தை எடுத்துவைத்துப் படித்தாள். படித்துவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, கப்பல் கம்பெனி நெனச்சபடி ஒப்பந்தம் எழுதிக்கிட முடியாது. ஆளோட பேரு, ஊரு, என்ன வேலை, என்ன சம்பளம், சாப்பாடு என்ன, எத்தனை மாசம், எந்தெந்தக் கடலுக்குக் கப்பல் போகும், எல்லாம் அதுல இருக்கணும். கையெழுத்துக்கு முந்தி அவனுக்குப் புரியுத பாஷையில வாசிச்சுச் சொல்லணும். அப்புறம் மாத்தணும்னா சம்பந்தப்பட்டவன் சம்மதிச்சு, சாட்சி வச்சு மாத்தணும். முந்தின நாள் வாங்குன வெள்ளைத்தாள்ல பின்னால அடிச்சுச் சேத்தா அது வெறும் தாளு."

"அவன் நகல் அவன்கிட்ட இல்லையே?"

"கப்பல்லயே ஒண்ணு இருக்கணும். ஆளுங்க கண்ணுல படுத எடத்துல கேப்டன் ஒட்டி வைக்கணும்னு சட்டம்."

அதனால் தேடு. சாப்பிடுகிற இடம், படுக்கிற இடம், மேல் தளம், எல்லா இடத்திலும் தேடு. ஒட்டவில்லை என்றால் தப்பு கேப்டன் மேல். ஒட்டியிருந்தால் அதில் கடலின் பெயர் இருக்கும். செங்கடல் இருக்கிறதா இல்லையா என்று பார். இல்லையென்றால், ஏழு பேரும் சேர்ந்து போய் நில்லுங்கள். ஒருத்தனாகப் போனால் மிரட்டுவார்கள். சத்தம் போடாதே, கெஞ்சவும் செய்யாதே. தராசு தன் பக்கம் சாய்ந்திருக்கும்போது எவனாவது கெஞ்சுவானா?

புத்தகத்தில் எழுதிவிடுவார் என்று பயப்படாதே. எழுதட்டும். அவர் கெடு வைத்து மிரட்டியது உன் கடிதத்தில் தேதியோடு இருக்கிறது, இவாஞ்சலின் பார்த்துக்கொள்வாள்.

கல்யாணசுந்தரி


நங்கூரத்திலேயே
15.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கிடைத்துவிட்டது. சிரிக்கக் கூடாது.

கேப்டன் அறைக்கு வெளியே, எஞ்சின் அறைப் படியில், குளிர்பெட்டிக்குப் பின்னால், எங்கும் தேடினோம், இல்லை. கேப்டன் சட்டத்தை மீறியிருக்கிறார், இதுவே போதும் என்று மற்றவர்கள் சந்தோஷப்பட்டார்கள். நேற்றுக் காலை மிக்கேல்ராஜ் அண்ணன் வழக்கம்போல் சாப்பாட்டு அறைக் காலண்டரில் தேதி கிழிக்கப் போனார். அவர் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், ஆனால் ராகுகாலம் பார்க்காமல் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார். வருஷம் முடியப் போவதால் தாள்கட்டு மெலிந்து, காலண்டர் அட்டை லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதன் ஓரத்தில் கண்ணாடிச் சட்டம் தெரிந்தது.

"ஏலே முத்து, இங்கன வா. உங்க அக்கா கடைக்குப் பின்னால என்னமோ இருக்கு."

நம் கடைக் காலண்டர்தான் அக்கா. பிப்ரவரியில் நான் ஏறியதும் உங்கள் பேரும் போன் நம்பரும் போட்ட காலண்டரை எங்கே மாட்டலாம் என்று பார்த்தேன். எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் தோதாக ஒரு ஆணியும் அதில் ஒரு கண்ணாடிச் சட்டமும் இருந்தன. ஏதோ இங்கிலீஷ் நோட்டீஸ் என்று நினைத்து அதன் மேலேயே மாட்டிவிட்டேன். ஒன்பது மாதமும் எங்கள் ஏழு பேரின் ஒப்பந்தத்தை மறைத்துக்கொண்டிருந்தது உங்கள் காலண்டரும் என் பெருமையும்தான்.

சட்டத்தைக் கழற்றி மேஜையில் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தோம். மாதம் ஒன்பது. கடல்: இந்தியக் கரை, இலங்கை, வளைகுடாத் துறைமுகங்கள். அவ்வளவுதான். ஒப்பந்தம் முடிந்தால் கம்பெனி செலவில் ஊருக்கு அனுப்ப வேண்டும் என்றும் இருந்தது. ஏழு பேரும் அதைத் தூக்கிக்கொண்டு கேப்டனிடம் போனோம்.

அவர் இரண்டு தடவை படித்தார். "இதை மறைச்சு வச்சது யாரு?" என்றார்.

"நாந்தான் சார்."

"நீயே மறைச்சிட்டு நீயே எடுத்துட்டு வர்றியா?"

"தெரியாம மறைச்சேன் சார். தெரிஞ்சு எடுத்துட்டு வாரேன்."

மிக்கேல்ராஜ் அண்ணன் சிரித்துவிட்டார். கேப்டன் சிரிக்கவில்லை. ஏஜென்ட் அனுப்பிய அந்தத் தாள்களை எடுத்துக் காட்டினார். நான் சொன்னேன்: "அதுல சாட்சி யாரு சார்? என்னைக்கு எழுதுனது? எங்க பாஷையில யாரு வாசிச்சா? மூணுல ஒண்ணுக்குப் பதில் சொல்லுங்க, நங்கூரத்த நானே தூக்குதேன்." கேப்டன் தாள்களை மடித்து வைத்தார். கம்பெனியிடம் பேசுகிறேன் என்று சொல்லி எங்களை அனுப்பினார். பேசட்டும். நாங்கள் அசையப் போவதில்லை.

இப்போது உங்கள் காரியம் அக்கா. போன தடவை ஊருக்கு வந்தபோது, "கடல் போதும், சரக்கு வைக்குத கிட்டங்கியைப் பொறுப்பா பாத்துக்கோ" என்று கூப்பிட்டீர்கள். ஜெயப்பிரியாவும் அதைத்தான் சொல்லுகிறாள். எனக்கும் ஆசைதான். ஆனால் கண்ணாடிச் சட்டத்தில் ஒப்பந்தத்தைப் பார்த்த பிறகு, பார்க்காத தாளை நம்பி எங்கும் வேலைக்குப் போக மாட்டேன். ஒரு எழுத்தும் எழுதவில்லை என்றீர்கள். பெட்டியைத் திறந்து என் தாளைப் படம் பிடித்து அனுப்புங்கள். இரண்டு பக்கமும்.

முத்துசெல்வம்


கோவில்பட்டி
24.11.2024

தம்பி முத்துசெல்வத்துக்கு,

ஒன்பது நாள் பதில் எழுதவில்லை. வேலை இருந்தது என்று எழுதலாம். வேலை இல்லை.

படம் இதோடு இருக்கிறது, இரண்டு பக்கமும். பின்பக்கம் வெள்ளை. முன்பக்கம் என் கையெழுத்தில் இருப்பதைப் படித்துக்கொள். 'கோவில்பட்டி வட்டத்தில் வேறு எந்த வத்தல் கடையிலும் பயறு கடையிலும் ஐந்து வருஷத்துக்கு வேலை பார்க்க மாட்டேன்.' நீ கப்பல் படிப்புக்குப் போகிறேன் என்று சாவியை வைத்துவிட்டுப் போன அன்று மத்தியானம் எழுதினேன். கப்பல் என்று பொய் சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குத்தான் போகிறாய் என்று நினைத்தேன். நீ உண்மையாகவே கடலுக்குப் போனாய். நான் தாளைக் கிழிக்கவில்லை.

ஒரு எழுத்தும் எழுதவில்லை என்று பன்னிரண்டாம் தேதி உனக்கு எழுதியது பொய். மறதியில் வந்ததில்லை, தெரிந்தே சொன்னது.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இருபதாம் தேதி தூத்துக்குடிக்கு நவநீதகிருஷ்ணன் ஆபீசுக்கு நேரே போனேன். பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு பேர் நகலையும் எடுத்து வையும், இல்லாவிட்டால் வக்கீலோடு வருவேன் என்று சத்தம் போட்டேன். அந்த ஆள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "வெள்ளைத்தாள் உங்க கடையில இல்லாத வழக்கமா சுந்தரியக்கா?" என்று கேட்டார். பத்துப் பேரும் சிரித்தார்கள். இருந்தாலும் நகல் வாங்காமல் நான் எழுந்திருக்கவில்லை. அவர் சாப்பிடப் போனபோதும் உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்கு எடுத்துக் கொடுத்தார். ஏழும் என்னிடம் இருக்கிறது.

மறுநாள் கடையில் பெட்டியைத் திறந்தேன். உன்னுடையது போக இருபத்துமூன்று தாள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். எல்லோரும் தங்களை வேலையை விட்டு நிறுத்துகிறேன் என்று பயந்துபோனார்கள். காம்பு கிள்ளுகிற வள்ளித்தாய் தன் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னட்டி பாக்க?"

"என் ரேகையப் பாக்கேன் முதலாளியம்மா. இப்ப ரேசன் கடை மிஷின்ல விரல் விழ மாட்டேங்குது. வத்தல் கிள்ளிக் கிள்ளி அழிஞ்சுபோச்சு. இதுல நல்லாத்தான் இருக்கு. இத நான் வச்சுக்கிடட்டா?"

வைத்துக்கொள் என்றேன்.

உன் அசல் தாளைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். நீ வந்து கிழி. வேலைக்கு வா என்று இனி நான் கூப்பிட மாட்டேன். வருவதென்றால் உன் நிபந்தனைகளைச் சொல். நான் வியாபாரி, பேரம் பேசுவேன்.

கல்யாணசுந்தரி


குஜராத், துறைமுகத்துக்கு அருகில்
2.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இறங்கிவிட்டேன். கம்பெனி ஒப்புக்கொண்டு இருபத்தொன்பதாம் தேதி படகு அனுப்பியது. ஏழு பேரில் ஐந்து பேர் இறங்கினோம். இரண்டு பேர் செங்கடலுக்குப் போகச் சம்மதித்து, படித்துப் பார்த்து, புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அங்கேயே இருக்கிறார்கள். அது அவர்கள் இஷ்டம். கம்பெனி கேட்டது, அவர்கள் சம்மதம் சொன்னார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை என்பதுதானே வழக்கு. கேப்டன் என் புத்தகத்தில் 'நன்று' என்று எழுதினார். காலண்டரை விட்டுப் போ என்று மிக்கேல்ராஜ் அண்ணனே கேட்டார், அங்கேயே இருக்கிற இரண்டு பேரில் அவர் ஒருவர். வேறு சுவரில் மாட்டிவிட்டு வந்தேன்.

நீங்கள் எழுதியதைப் படகில் வைத்துப் படித்தேன். கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது. நீங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

என் நிபந்தனைகள் இவை. எனக்கு மட்டும் இல்லை, இருபத்துமூன்று பேருக்கும் ஒப்பந்தம் வேண்டும், தமிழில் வேண்டும். கையெழுத்துக்கு முன்னால் சத்தமாக வாசிக்க வேண்டும், வாசிப்பது கணக்குப்பிள்ளை இல்லை, நீங்கள். எனக்கு மாதம் இருபத்திரண்டாயிரம். ஞாயிறு முழு நாள் லீவு. வத்தல் சீசனில் நெடிக்கு முகமூடி கடைச் செலவு. எந்த நாளும் எந்தக் கடைக்கும் போக எனக்கு உரிமை உண்டு. இதில் ஒன்று குறைந்தாலும் அடுத்த கப்பல் ஏறிவிடுவேன்.

ரயில் நாளை.

முத்துசெல்வம்


கோவில்பட்டி
3.12.2024

தம்பி முத்துசெல்வத்துக்கு,

ரயிலிலேயே இதைப் படி.

இருபத்திரண்டாயிரம் கிடையாது. இருபத்தோராயிரம், தைக்குத் தை ஆயிரம் ஏறும். ஞாயிறு முழு லீவு. மாசி, பங்குனி சீசனில் மட்டும் ஞாயிறு பாதி நாள் வர வேண்டும். அதற்கு ஈடாக வாரத்தில் ஒரு நாள் லீவு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஏழு வரை, நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி. முகமூடி கடைச் செலவு, இருபத்துமூன்று பேருக்கும். ஒப்பந்தம் தமிழில், ஆளுக்கொரு நகல், அவரவர் கையில். சாட்சி வக்கீல் இவாஞ்சலின். வெள்ளிக்கிழமை காலை கடையில் எல்லோர் முன்னாலும் நானே வாசிக்கிறேன். புரியாததைக் கேட்கலாம், திருத்தச் சொல்லலாம். வாசித்த பிறகு கண்ணாடிச் சட்டத்தில் போட்டு எடைமேடைக்கு மேலே மாட்டுகிறேன். காலண்டர் எதிர்ச் சுவரில்.

நீக்குவதானால் நான் ஒரு மாதம் முன்னால் காரணத்தோடு எழுதிக்கொடுப்பேன். போவதானால் நீ ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு நீ எந்தக் கடைக்கும் போகலாம், எதிர்க்கடைக்கும்.

கல்யாணசுந்தரி